முதுகு ஆபரேஷன் முடிஞ்சும் கால்வலி போகல, எம்ஆர்ஐ நார்மல்ங்கிறாங்க, மறுபடி ஆபரேஷன் பண்ணலாமா?

உங்க கேள்விய ரெண்டு தடவை படிச்சேன்மா. மேலோட்டமா பாத்தா இதுதான் கேட்டிருக்கீங்க: வீட்டுக்காரருக்கு 44 வயசு, ஆவடி பக்கம் வீடு, கால் டாக்ஸி ஓட்டுறார், 6 வருஷமா சுகர், 14 மாசம் முன்னாடி எல்4-எல்5ல, அதாவது கீழ்முதுகுல நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவுல, ஜவ்வு ஆபரேஷன் ஆச்சு, முதல் 4 மாசம் கால்வலி சுத்தமா இல்ல, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப வந்து இப்போ இடுப்புல இறுக்கமும், இடது கால்ல பாதத்து மேல்பக்கம் கட்டைவிரல் வரைக்கும் எரிச்சலும் குடைச்சலுமா இருக்கு. புது எம்ஆர்ஐ பாத்துட்டு ஆபரேஷன் பண்ண டாக்டர் பெருசா ஒண்ணும் இல்லங்கிறார், இன்னொருத்தர் ஸ்க்ரூ வச்சு ரெண்டு எலும்ப ஒட்ட வைக்கிற ஃப்யூஷன் பண்ணணும்ங்கிறார், மூணாவது ஒருத்தர் ஊசி, அதுக்கும் கேக்கலனா முதுகுல மெஷின்ங்கிறார், இதுல எதுக்குப் போறது. ஆனா கடைசியில ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, "ரிப்போர்ட் நார்மல்னா இவருக்கு நிஜமாவே வலிக்குதா, எங்க மாமியாரே சோம்பேறித்தனம்ங்கிறாங்க"னு, எனக்கென்னவோ நீங்க கேக்க வந்ததே அதுதான்னு படுது. அத முதல்ல சரி பண்ணாம மத்த மூணுல எதுனு முடிவு பண்ண முடியாது.

நான் டாக்டர் இல்ல, பிசியோதெரபிஸ்ட். 21 வருஷம் ஆச்சு, ஆரம்பத்துல அரசு ஆஸ்பத்திரி எலும்பு வார்டுல, இப்போ மேற்கு மாம்பலத்துல ஒரு சின்ன கிளினிக். ஆபரேஷன் தியேட்டர் உள்ள நடக்கிறத நான் சொல்ல முடியாது, ஆனா தியேட்டர்ல இருந்து வெளிய வந்தவங்க அடுத்த ரெண்டு மூணு வருஷம் என்ன ஆகுறாங்கனு பாக்கிற ஆள் நான்தான். உங்க வீட்டுக்காரரோட கால நான் தொட்டுப் பாக்கல, படத்தையும் பாக்கல, அதனால "இத பண்ணுங்க"னு எழுத மாட்டேன், எதை யார்கிட்ட கேக்கணும்னு எழுதுறேன்.

எதுக்கும் முன்னாடி ஒண்ணு. இன்னிக்கு ராத்திரி அவர்கிட்ட நேரா கேளுங்க, கூச்சப்படாம: ஒண்ணுக்கு வர்றது தெரியுதா, முக்க வேண்டியிருக்கா, இல்ல தெரியாம சொட்டுதா, உக்காருற இடமும் தொடை இடுக்கும் மரத்துப் போயிருக்கா, ரெண்டு காலும் திடீர்னு வீக் ஆகுதா. இதுல ஒண்ணு புதுசா இருந்தாலும் இந்த பதில மேல படிக்காதீங்க, 108க்கு போன் பண்ணி பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க, சென்ட்ரல் எதிர்ல இருக்கிற ஜிஎச் 24 மணி நேரமும் இருக்கு. வால்பகுதி நரம்புக் கொத்து மொத்தமா நசுங்குற நிலைமை அது, அதுல நாள் கணக்கு கூட கிடையாது, மணி கணக்குதான். அதே மாதிரி ஹவாய் செருப்பு காலை விட்டு கழண்டு போறது தெரியாம நடக்கிறார்னாலோ, குதிகால்ல மட்டும் நின்னு நாலடி நடக்கச் சொன்னா இடது முன்பாதம் தொப்புனு விழுந்தாலோ அந்த வாரமே டாக்டர பாக்கணும். சாயங்காலம் காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறையுறது, படுத்தாலும் அடங்காத வலி, இதெல்லாம் இருந்தா கிருமித் தொற்றா, முதுகெலும்பு டிபியானு பாக்கணும், நம்ம ஊர்ல டிபிய மறக்கவே கூடாது, சுகர் இருக்கிறவங்களுக்கு இன்னும் ஜாஸ்தி. இது எதுவும் இல்லனா நிதானமா யோசிக்க நேரம் இருக்கு.

இப்போ மாமியார் கேள்விக்கு வர்றேன். போன மழைக்கு எங்க கிளினிக் காலிங் பெல் ஒயர்ல தண்ணி இறங்கிடுச்சு, யாரும் அழுத்தாமலே அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஓடிப்போய் கதவ திறந்தா வாசல்ல ஆள் இல்ல. அதுக்காக பெல் சத்தம் பொய்னு சொல்ல முடியுமா, காது கிழியுது. எம்ஆர்ஐங்கிறது வாசல்ல ஆள் நிக்கிறானானு பாக்கிற படம், அதாவது நரம்ப ஏதாவது அமுக்குதானு. ஒயர் நனைஞ்சிருக்கானு அது சொல்லாது. மாசக்கணக்கா நசுங்கிக் கிடந்த நரம்பு, அமுக்கின ஜவ்வ எடுத்த அப்புறமும் தானா சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கலாம், அந்த சிக்னல வருஷக்கணக்கா வாங்கிப் பழகின தண்டுவடமும் மூளையும் சின்ன தூண்டுதலையும் பெருசாக்கிக் காட்டலாம். இது யாரோ கற்பனை பண்ண கதை இல்ல, வலி பத்தின அடிப்படைப் பாடம். எரிச்சல், கரண்ட் அடிச்ச மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி, போர்வை பட்டாலே கூசுது, இப்படி சொல்றவங்களுக்கு பெரும்பாலும் நரம்பு வலிதான். நடிக்கிறவங்களுக்கு கட்டைவிரல் வரைக்கும் சரியா ஒரே நரம்பு போற வழியில வலிய வச்சு நடிக்கத் தெரியாதும்மா. பாதத்து மேல்பக்கம் கட்டைவிரல்ங்கிறது எல்5 நரம்போட ஏரியா, எல்4-எல்5 ஜவ்வு சாதாரணமா அமுக்குறது அந்த நரம்பத்தான், இத உங்க மாமியாருக்குப் படிச்சுக் காட்டுங்க.

அதுக்கு நேர் எதிரா இன்னொன்னையும் சொல்லிடணும். படத்துல ஏதோ இருக்குங்கிறதால அதுதான் வலிக்குக் காரணம்னும் ஆகாது. முதுகுவலியே இல்லாதவங்கள ஸ்கேன் எடுத்த ஆய்வுகள 2015ல ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க, மூவாயிரத்துக்கும் மேல ஆளுங்க. 20 வயசுல இருக்கிறவங்கள்ல 37 சதவீதம் பேருக்கு ஜவ்வு தேய்மானம், 80 வயசுல 96 சதவீதம். பல்ஜ், அதாவது ஜவ்வு லேசா உப்பி நிக்கிறது மட்டும் 20 வயசுலயே 30 சதவீதம் பேருக்கு. எல்லாரும் வலியில்லாம நடமாடுறவங்க. அதனால உங்க ரிப்போர்ட்ல, ஆபரேஷன் ஆன ஜவ்வுக்கு ஒரு படி கீழ, "எல்5-எஸ்1ல லேசான பல்ஜ்"னு போட்டிருக்கிறத நீட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் ஆபரேஷன் சொன்னா, நான் ஒரு நிமிஷம் யோசிப்பேன். அதோட "ஜவ்வு விலகிடுச்சு"ங்கிற பேச்சே கொஞ்சம் தப்பு, ஜவ்வு எங்கயும் விலகுறது இல்ல, அது எலும்போட ஒட்டி இருக்கு, ஓரம் கிழிஞ்சு உள்ள இருக்கிற கூழ் பிதுங்குது, அவ்ளோதான். விலகிடுச்சுனு கேட்டதும் மறுபடி விலகிடுமோனு பயந்துக்கிட்டு குனியாம நிமிராம வருஷக்கணக்கா மரக்கட்டை மாதிரி இருக்கிறவங்க எத்தனையோ பேர்.

இந்த நிலைமைக்கு ரொம்ப நாளா ஃபெயில்டு பேக் சர்ஜரி சிண்ட்ரோம்னு பேரு. கேட்டாலே டாக்டர் தப்பு பண்ணிட்டார், இல்ல பேஷன்ட் தேறலனு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேரு. 2021ல பெர்சிஸ்டன்ட் ஸ்பைனல் பெயின் சிண்ட்ரோம் டைப் 2னு மாத்தணும்னு முன்வச்சாங்க, டைப் 2ன்னா ஆபரேஷனுக்கு அப்புறமும் இருக்கிற வலி. ஃபைல்ல எது எழுதியிருந்தாலும் பயப்படாதீங்க. எத்தனை பேருக்கு இப்படி ஆகுதுங்கிறதுல கணக்கு 10ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் சொல்றாங்க, எந்த ஆபரேஷன், எதை வலினு எண்ணினாங்கங்கிறத பொறுத்து மாறுது. எப்படிப் பாத்தாலும் உங்க வீட்டுல மட்டும் நடக்கிற அதிசயம் இல்ல.

என்கிட்ட வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்கிறது வலி எங்கனு இல்ல, எப்போனு. ஆபரேஷன் முடிஞ்சு கண்ண முழிச்ச நாள்ல இருந்தே கால்வலி கொஞ்சமும் குறையலனா ஒரு வழி: ஆபரேஷனே இடம் மாறி நடந்திருக்கலாம், துண்டு ஒண்ணு உள்ள மிச்சம் இருக்கலாம், வலிக்குக் காரணமே ஆரம்பத்துல இருந்து வேற எதோவா இருந்திருக்கலாம், இல்ல நரம்பு ஆபரேஷனுக்கு முன்னாடியே ரொம்ப அடிபட்டிருக்கலாம். நல்லாகி ஒரு சில வாரத்துலயே முதுகு தாங்க முடியாம போச்சுன்னா வேற வழி, தொற்றத்தான் முதல்ல சந்தேகப்படணும், உடம்புல அழற்சி இருக்கானு காட்டுற ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை பாக்கணும். கால்வலி போயிடுச்சு ஆனா இடுப்புவலி மட்டும் அப்படியே இருக்குன்னா அது பல நேரம் தோல்வியே இல்ல, ஜவ்வு ஆபரேஷன் பண்றதே கால் நரம்ப விடுவிக்கத்தான், இடுப்புவலிக்கு அது அவ்வளவா வேலை செய்யாதுனு முன்னாடியே யாராவது உக்கார வச்சு சொல்லியிருக்கணும். உங்க வீட்டுக்காரர் கதை இந்த மூணும் இல்ல. 4 மாசம் சுத்தமா இல்லாம இருந்து, திரும்ப அதே கால்ல, அதே வழியில வந்திருக்கு. இது நல்ல சேதியும் கூட: முதல் ஆபரேஷன் சரியான இடத்துலதான் நடந்திருக்கு, நரம்புக்கு விடுதலை கிடைச்சிருக்குனு அந்த 4 மாசமே சாட்சி. அப்புறம் என்னமோ புதுசா நடந்திருக்கு, அது என்னனு தேடுறதுதான் வேலை.

தேடுற இடம் சிலது இருக்கு. முதல்ல அதே இடத்துல மறுபடி ஜவ்வு பிதுங்கியிருக்கானு, நூத்துல 5ல இருந்து 15 பேருக்கு இது நடக்குது. இங்கதான் நீங்க கவனிக்கணும், புது எம்ஆர்ஐ சாதா எம்ஆர்ஐயா, கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்ததா? ஆபரேஷன் ஆன இடத்துல தழும்பும் புது ஜவ்வும் சாதா படத்துல கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும், கான்ட்ராஸ்ட் போட்டா தழும்பு பளிச்சுனு ஏறும், ஜவ்வுத் துண்டு உள்ள கருப்பாவே நிக்கும். நீங்க எழுதினத வச்சுப் பாத்தா சாதா படம் மாதிரிதான் தெரியுது. சுகர் இருக்கிறதால கான்ட்ராஸ்ட்டுக்கு முன்னாடி கிட்னி எப்படி இருக்குனு காட்டுற கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பாக்கச் சொல்வாங்க, அதுக்கு அலுத்துக்காதீங்க. அடுத்தது, எம்ஆர்ஐ படுத்துக்கிட்டு எடுக்கிறது, உங்க வீட்டுக்காரருக்கு வலி வர்றது உக்காந்து ஓட்டும்போதும் நிக்கும்போதும். எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு நகருதானு பாக்க நின்னுக்கிட்டு முன்னாடி குனிஞ்சு, பின்னாடி சாஞ்சு எடுக்கிற எக்ஸ்ரே ரெண்டு போதும், சில நூறு ரூபா சமாச்சாரம், ஸ்க்ரூ வைக்கணும்னு சொன்ன டாக்டர் அத எடுக்கச் சொல்லலனா ஏன்னு கேளுங்க. ஏன்னா ஃப்யூஷனுக்கு ஒரு உருப்படியான காரணமே அந்த ஆட்டம்தான். அப்புறம் நரம்பு எலும்புக்கு நடுவுல இருந்து பக்கவாட்டுல வெளிய வர்ற ஓட்டை சுருங்கியிருக்கானு ஸ்பெஷலா பாக்கச் சொல்லுங்க, அவசர ரிப்போர்ட்டுல விட்டுப் போறது அதிகம் அதுதான்.

முதுகுக்கு வெளியவும் பாக்கணும். சுகர்னால வர்ற நரம்பு பாதிப்பு பெரும்பாலும் ரெண்டு பாதத்துலயும், விரல்ல ஆரம்பிச்சு சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறும், ஒரே கால்ல மட்டும் இடுப்புல இருந்து இறங்காது, அதனால முழுக் காரணம் அதுவா இருக்காதுனு நினைக்கிறேன், ஆனா மேல இன்னொரு மூட்டை ஏத்தி வச்சிருக்கலாம். மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரைய வருஷக்கணக்கா சாப்பிடுறவங்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் கால் எரிச்சல் குடுக்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிடும். மூணு மாச சராசரி சுகர் எவ்வளவு? அத நீங்க எழுதவே இல்ல, ஆபரேஷனோ ஊசியோ எதுவா இருந்தாலும் அந்த நம்பர்தான் முதல் கேள்வி. இடுப்பு மூட்டு, முதுகுத்தண்டோட அடி இடுப்பெலும்போட சேர்ற சாக்ரோஇலியாக் மூட்டு, முட்டிக்கு வெளிப்பக்கம் கீழ எலும்ப ஒட்டிப் போற நரம்பு, கால் ரத்தக்குழாய், இதுல எது கெட்டாலும் கால்வலியாதான் தெரியும். கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் பிடிச்சு, நின்னா ரெண்டே நிமிஷத்துல போயிடுதுன்னா பாதத்துல நாடி பாக்கச் சொல்லுங்க. நரம்பு பாதிப்பு முதுகுலயா காலுலயானு குழப்பமா இருந்தா நரம்புல சிக்னல் எவ்வளவு வேகமா போகுதுனு அளக்கிற நரம்பு கண்டக்ஷன் டெஸ்ட் உதவும்.

தழும்பு பத்தி. "உள்ள ஒட்டிக்கிச்சு, அதான் வலி"னு நிறைய பேர் சொல்லக் கேட்டிருப்பீங்க. ஆபரேஷன் ஆன எல்லாருக்கும் உள்ள தழும்பு வரும், அதுல வலியில்லாதவங்களும் ஏராளம், அதனால தழும்ப குற்றவாளினு உறுதியா சொல்றவங்கள நான் முழுசா நம்புறது இல்ல. தழும்ப எடுக்கவே மறுபடி திறந்தா திரும்பவும் தழும்புதான் வரும், இதுல மட்டும் யாருக்கும் பெருசா கருத்து வேறுபாடு இல்ல.

சரி, ரெண்டாவது ஆபரேஷன். என் கருத்து இதுதான், 21 வருஷத்துல மாறவே இல்ல: வலிக்குதுங்கிறது மறுபடி கத்தி வைக்கக் காரணம் ஆகாது, வலிக்குக் காரணம் கண்ணுல பட்டு, அந்தக் காரணமும் கால்ல வலி போற வழியும் பொருந்தினா மட்டும்தான் ஆகும். கான்ட்ராஸ்ட் படத்துல அதே எல்4-எல்5ல இடது பக்கம் பெரிய துண்டு தெரிஞ்சு, கால தூக்கினா சுருக்குனு இழுத்து, கட்டைவிரல் மேல தூக்குற பலமும் குறைஞ்சிருந்தா, ரெண்டாவது தடவை ஜவ்வ எடுக்கிறது முதல் தடவைக்குக் கிட்டத்தட்ட சமமா பலன் குடுக்குது, நானே அப்படி நல்லாகி டூவீலர்ல வந்து ஸ்வீட் பாக்ஸ் குடுத்துட்டுப் போனவங்கள பாத்திருக்கேன். ஆனா காரணம் தெளிவா இல்லாம "உள்ள போய்ப் பாக்கலாம்"னு போறதுக்குக் கதை வேற. இந்தத் துறையில திரும்பத் திரும்பச் சொல்ற ஒரு பழைய கணக்கு இருக்கு, ரெண்டாவது ஆபரேஷன்ல 30 சதவீதத்துக்கு மேல நல்லாகுறது இல்ல, மூணாவதுல 15, நாலாவதுல 5னு. இன்னிக்கு டெக்னிக் மாறியிருக்கு, அந்த நம்பர அப்படியே பிடிச்சுக்க வேணாம், ஆனா போற திசை அதேதான். ஃப்யூஷன்ல இன்னொன்னு, ரெண்டு எலும்ப ஒட்ட வச்சா மேலயும் கீழயும் இருக்கிற ஜவ்வுக்கு வேலை ஜாஸ்தி ஆகும், வருஷங்கள் போகப் போக அங்க பிரச்சனை வர்ற வாய்ப்பு இருக்கு. உங்க வீட்டுக்காரர் பீடி சிகரெட் பிடிப்பார்னா எலும்பு ஒட்டாமலே போற வாய்ப்பும் கூடும். நின்ன எக்ஸ்ரேல ஆட்டம் இல்ல, கான்ட்ராஸ்ட் படத்துல அமுக்கமும் இல்லனா 44 வயசுல ஸ்க்ரூ வச்சுக்க என் சொந்த அண்ணன நான் அனுப்ப மாட்டேன்.

ஊசிக்கு நான் எதிரி இல்ல. நரம்பு பக்கத்துல ஸ்டீராய்டு போடுற எபிட்யூரல் ஊசி சில வாரம், சிலருக்கு சில மாசம் கால்வலிய குறைக்கும், குணப்படுத்தாது. அந்த சில வாரத்த நடக்கிறதுக்கும் தூங்குறதுக்கும் பயன்படுத்தினா லாபம், படுத்தே கழிச்சா காசுதான் நஷ்டம். சுகர் சில நாளைக்கு எகிறும், டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. ஒரே ஒரு நரம்புக்கு மட்டும் மரப்பு மருந்து போட்டுப் பாக்கிற ஊசி இன்னும் உபயோகம், அந்த நரம்ப மரக்க வச்சதும் வலி பட்டுனு அடங்கினா குற்றவாளி அதுவா இருக்க வாய்ப்பு ஜாஸ்தினு ஒரு துப்பு. வருஷத்துக்கு ஆறு ஏழுனு பேக்கேஜ் போட்டா மட்டும் எழுந்து வந்துடுங்க.

மெஷின்னு நீங்க எழுதினது ஸ்பைனல் கார்டு ஸ்டிமுலேட்டரா இருக்கும். தண்டுவடத்துக்குப் பின்னாடி மெல்லிசா ஒயர் வச்சு லேசான கரண்ட் குடுத்து வலி சிக்னல குழப்புறது, 1967லயே முதல்ல பொருத்திட்டாங்க. இதுல ஆதாரம் ரெண்டு பக்கமும் இழுக்குது. 2007ல வந்த ஆய்வுல உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆபரேஷனுக்கு அப்புறம் கால்வலி இருந்த 100 பேர்ல, மெஷின் வச்சவங்கள்ல 48 சதவீதம் பேருக்கு 6 மாசத்துல கால்வலி பாதியாவது குறைஞ்சது, வழக்கமான மருத்துவம் மட்டும் எடுத்தவங்கள்ல 9 சதவீதம் பேருக்குத்தான். ஆனா எது ஓடுது எது ஓடலனு பேஷன்ட்டுக்கே தெரியாம வச்சு நார்வேல 50 பேர்கிட்ட பண்ண ஆய்வு 2022ல வந்துச்சு, அதுல ஒரு வகை மெஷினுக்கும் ஆஃப் பண்ணி வச்சதுக்கும் வித்தியாசமே தெரியல. செலவு லட்சக்கணக்குல, சுகர் இருந்தா தொற்று பயம் வேற. எல்லாம் முடிஞ்சு கடைசியா யோசிக்க வேண்டியது, அதுவும் தற்காலிக ஒயர் வச்சு சில நாள் பாத்துட்டு, வலி பாதிக்கு மேல குறைஞ்சாதான். கடன் வாங்கி இப்பவே போக வேணாம்.

மாத்திரை விஷயம் சுருக்கமா. நரம்பு வலிக்குக் குடுக்கிற ப்ரீகாபலின் சாப்பிடுறார்னு எழுதியிருக்கீங்க. சுகர் நரம்பு வலிக்கு அது கேக்கும்னு ஆதாரம் இருக்கு, ஆனா ஜவ்வுனால வர்ற கால்வலிக்கு 2017ல ஆஸ்திரேலியாவுல பண்ண ஆய்வுல மருந்தே இல்லாத வெறும் மாத்திரையவிட ஒண்ணும் பெருசா உதவல, தலைசுத்தல்தான் அதிகமா இருந்துச்சு. சிலருக்கு நல்லா கேக்குது, சரியான அளவுல ஒண்ணரை ரெண்டு மாசம் பாத்தும் பலன் இல்லனா டாக்டர்கிட்ட சொல்லி மாத்துங்க, நீங்களா டக்குனு நிறுத்தக் கூடாது, படிப்படியாதான் இறக்கணும். அவர் வண்டி ஓட்டுறவர், இந்த மாத்திரை தூக்கம் வர வைக்கும், பூந்தமல்லி ஹைரோட்ல மதியம் 2 மணிக்கு கண்ண அசந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேணாம், இத டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. டுலாக்ஸிடின், நார்ட்ரிப்டிலின் மாதிரி வேற மருந்தும் இருக்கு, மனநோய் மாத்திரைனு மெடிக்கல் ஷாப்காரர் சொன்னா பயந்து தூக்கிப் போடாதீங்க, நரம்பு வலிக்கும் அதையேதான் குடுக்கிறாங்க. மெடிக்கல்ல கேட்டு வாங்குற வலி மாத்திரைய மட்டும் நிறுத்திடுங்க, சுகரும் அந்த மாத்திரையும் சேர்ந்தா கிட்னிக்கு ஆபத்து, நரம்பு வலிக்கு அது கேக்கவும் கேக்காது.

இனிமே எழுதப் போறதுதான் என் தொழில், அதனால கொஞ்சம் நீளும். அவர் ஒரு நாள் எப்படி இருக்கார்னு நீங்க எழுதினத வச்சு சொல்றேன்: வலி கம்மியா இருக்கிற அன்னிக்கு 9 மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்துடுறார், அடுத்த ரெண்டு நாள் எழுந்திருக்க முடியாம படுத்திடுறார். மாமியார் சோம்பேறித்தனம்னு சொல்றது அந்த ரெண்டு நாளப் பாத்து. ஆனா கெடுக்கிறது அந்த 9 மணி நேரம்தான். நரம்பு கூச்சமா இருக்கிற உடம்புக்கு இந்த ஏத்த இறக்கம் ஆகாது. ஒரு வாரம் அளந்து பாருங்க, வலி ஏற ஆரம்பிக்காம எத்தனை நிமிஷம் நடக்க முடியுது, 10 நிமிஷம்னு வச்சுக்கோங்க. அப்போ 7 நிமிஷம்தான் நடக்கணும், காலைல மதியம் சாயங்காலம்னு மூணு தடவை, வலி இல்லாத நாள்லயும் 7தான், வலி இருக்கிற நாள்லயும் 7தான். மூணு நாளைக்கு ஒரு நிமிஷம் கூட்டுங்க. கேக்க சிரிப்பா இருக்கும், இதுக்கா ஃபீஸ்னு என்கிட்டயே கேட்டிருக்காங்க. பெரம்பூர்ல இருந்து வந்த ஒரு அக்கா 4 நிமிஷத்துல ஆரம்பிச்சாங்க, 5 மாசம் கழிச்சு மெரினால காந்தி சிலைல இருந்து லைட் ஹவுஸ் வரைக்கும் நடந்துட்டு போன் பண்ணாங்க. வலி போச்சானு கேட்டேன், போகல தம்பி, ஆனா அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன்னாங்க. எல்லாருக்கும் அப்படி ஆகும்னு வாக்கு குடுக்க முடியாது, பாதி பேர் ரெண்டாவது வாரமே விட்டுடுறாங்க.

வண்டிய பொறுத்தவரை 40 நிமிஷத்துக்கு ஒரு தடவை இறங்கி ரெண்டு நிமிஷம் நிக்கணும், சீட்ட ரொம்ப சாய்க்காம, பர்ஸ் பின் பாக்கெட்ல இல்லாம. முதல் மாசம் அரை நாள் மட்டும். 14 மாசமா பெல்ட் போட்டுக்கிட்டே இருக்கார்னு எழுதியிருக்கீங்க, ஜவ்வு எடுத்த ஆபரேஷனுக்கு இவ்வளவு நாள் பெல்ட்டுக்கு எந்த வேலையும் இல்ல, தினம் ஒரு மணி நேரமா குறைச்சுக்கிட்டே வந்து கழட்டிடுங்க. பலகை மேல படுக்கச் சொல்றதும் அப்படித்தான், 2003ல ஸ்பெயின்ல 313 பேர வச்சு பாத்ததுல கட்டியான மெத்தையவிட நடுத்தரமான மெத்தையிலதான் நாள்பட்ட முதுகுவலி நல்லா குறைஞ்சது, நம்ம இலவம்பஞ்சு மெத்தை பள்ளம் விழாம இருந்தா போதும். கிளினிக்ல போய் படுத்துக்கிட்டு வெறும் கரண்ட் வச்சுட்டு வர்ற பிசியோ இருக்கே, என் தொழில நானே சொல்றேன், 20 சிட்டிங் அப்படியே போச்சுன்னா ஆள மாத்துங்க. குனிஞ்சு நிமிர, வெயிட் தூக்க, பயமில்லாம திரும்ப சொல்லித் தர்றவங்கதான் வேணும். செலவு கட்டுப்படியாகலனா கே.கே.நகர்ல அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு, அங்க போய்க் கேளுங்க. எண்ணெய் தேய்க்கிறது சுகமா இருந்தா தேய்ங்க, தப்பில்ல, ஆனா சுளுக்கு எடுக்கிறேன்னு முதுகுல ஏறி மிதிக்கிறவர்கிட்ட மட்டும் போகாதீங்க. இடது பாதம் மரப்பா இருக்குன்னா சுடுதண்ணி ஒத்தடம் அங்க குடுக்கவே கூடாது, சூடு தெரியாம வெந்து கொப்புளமாகி புண்ணாகி வந்தவங்கள பாத்திருக்கேன், சுகர்காரங்களுக்கு அது தனி வில்லங்கம்.

தூக்கம் எத்தனை மணி நேரம்? மூணு நாலு மணி நேரம்னா வலிய குறைக்கிற எந்த வைத்தியமும் பாதிதான் வேலை செய்யும். மனசு விட்டுப் போயிருக்கா, யார்கிட்டயும் பேசாம செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்காரா, "நான் இருந்து என்ன பிரயோஜனம்"ங்கிற மாதிரி எதாவது பேசினாரா, அப்படினா அதையும் டாக்டர்கிட்ட அதே நாள் சொல்லுங்க, வலியும் மனச்சோர்வும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டே போகும், ரெண்டையும் சேர்த்துதான் பாக்கணும். வீட்டுல மணிக்கு ஒரு தடவை "எப்படி இருக்கு"னு கேக்கிறத நிறுத்திட்டு, பையன ஸ்கூல்ல விட்டுட்டு வர்ற மாதிரி ஒரு சின்ன வேலைய அவர் பேர்ல எழுதிடுங்க, அது அவருக்கும் நல்லது, எல்லாத்தையும் தனியா இழுக்கிற உங்களுக்கும் நல்லது.

போறதுக்கு முன்னாடி ஒரு ஃபைல் தயார் பண்ணுங்க: டிஸ்சார்ஜ் சம்மரி, அதோட ஆபரேஷன் நோட்ஸ், இத தனியா கேட்டு எழுதிக் குடுத்து வாங்கணும், கேட்டா தரணும், உள்ள என்ன பாத்தாங்க எவ்வளவு எடுத்தாங்கனு அதுலதான் இருக்கும். பழைய எம்ஆர்ஐ, புது எம்ஆர்ஐ ரெண்டும் சிடியோட, வெறும் ரிப்போர்ட் பேப்பர் மட்டும் வேணாம். மூணு மாச சுகர், கிரியேட்டினின், பி12, சிஆர்பி. இத எடுத்துக்கிட்டு, முதல் ஆபரேஷன்லயும் ஸ்க்ரூ கருத்துலயும் சம்பந்தமே இல்லாத ஒரு முதுகுத்தண்டு டாக்டர்கிட்ட போய், "கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐயும் குனிஞ்சு நிமிர்ந்த எக்ஸ்ரேயும் தேவையா, ஆபரேஷன்னா எந்த நரம்புக்கு, என்ன காரணத்துக்கு"னு கேளுங்க. முதலமைச்சர் காப்பீட்டுல வருமானும் அங்கேயே விசாரிச்சுடுங்க. குதிகால்ல நடக்கச் சொல்லிப் பாத்தது என்ன ஆச்சு, மூணு மாச சுகர் எவ்வளவு, பீடி உண்டா இல்லையா, இந்த மூணுக்கும் இங்கயே கீழ பதில் போடுங்க, ஞாயித்துக்கிழமை கிளினிக் லீவு, உக்காந்து படிக்கிறேன்.